பேய்க்கதைக்கு அடம்பிடிக்கும் மகள்: புத்தகத்தை ஒளித்து வைக்கலாமா?

கேள்வி:

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது. ஆங்கில வழிப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். தமிழில் வாய் ஓயாமல் பேசுவாள். வாசிக்கச் சொன்னால் மட்டும் தாகம் எடுக்கும், வயிறு வலிக்கும். கோடை விடுமுறைக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தாள். கரண்ட் போன ராத்திரிகளில் அம்மாயி பேய்க்கதையாகச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்ததிலிருந்து பேய்க்கதைப் புத்தகம் வேண்டும் என்று ஒரே அடம். வாங்கிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டியே முழுப் புத்தகத்தையும் முடித்துவிட்டாள். இப்போது மூன்றாவது முறை படிக்கிறாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இரவில் பாத்ரூமுக்குத் தனியாகப் போக மறுக்கிறாள். போன வாரம் ஒன்பதரைக்குப் படுத்தவள் பதினொரு மணி வாக்கில் எழுந்து உட்கார்ந்து அலறினாள். கண் திறந்திருந்தது, எங்களை அடையாளம் தெரியவில்லை. காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை என்கிறாள். புத்தகத்தை ஒளித்து வைத்துவிடலாம் என்கிறாள் மனைவி. ‘பேய்க்கதை படிச்சா பேய் புடிக்கும்’ என்கிறார் என் அம்மா. வகுப்பில் இவள் கதை சொல்லி ஒரு பிள்ளை அழுதுவிட்டதாக டைரியில் டீச்சர் எழுதி அனுப்பியிருக்கிறார். படிக்க விடலாமா? நீதிக்கதைப் பக்கம் திருப்பிவிட வழி உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்.

பதில் (குழந்தைகள் உளவியல் ஆலோசகர்):

அன்புள்ள சகோதரருக்கு,

படிக்க விடுங்கள். புத்தகத்தை ஒளித்து வைக்க வேண்டாம். தமிழ் எழுத்தைக் கண்டாலே ஓடிய குழந்தை ஒரே புத்தகத்தை மூன்றாம் முறை படிக்கிறாள் என்றால் உங்கள் வீட்டில் பெரிய காரியம் ஒன்று நடந்திருக்கிறது. பதற்றத்தில் அதை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மனைவி கவலைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

முதலில் அந்த அலறல். உங்கள் எல்லோரையும் உலுக்கியது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. நல்லவேளையாக விவரங்களைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். படுத்து ஒன்றரை மணி நேரத்தில் அலறல், கண் திறந்திருந்தும் அடையாளம் தெரியாமை, காலையில் சுத்தமாக நினைவில்லாமை. கெட்ட கனவு இப்படி இருக்காது. கனவு கண்டு பயந்த குழந்தை நன்றாக விழித்துக்கொள்ளும், அம்மாவைக் கட்டிக்கொள்ளும், கண்டதை அரைகுறையாகவாவது சொல்லும். பெரும்பாலும் அது பின்னிரவில், விடியலை ஒட்டி வரும். நீங்கள் சொல்வது இரவின் முற்பகுதியில், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை பாதி மட்டும் விழித்துக்கொள்ளும்போது வருவதைப் போல இருக்கிறது. ‘நைட் டெரர்’ என்பார்கள் டாக்டர்கள். சிறு வயதில் பல குழந்தைகளுக்கு வந்து, வளர வளரத் தானாகவே போய்விடும். தூக்கக் குறைவு, அதிகக் களைப்பு, காய்ச்சல் இவையெல்லாம் அதைத் தூண்டும். குடும்பத்தில் யாருக்காவது தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இருந்திருந்தாலும் குழந்தைக்கு இது வர வாய்ப்பு அதிகம்.

ஆகவே நான் முதலில் கேட்பது, மகள் எத்தனை மணி நேரம் தூங்குகிறாள் என்பதைத்தான். 6 முதல் 12 வயதுவரை உள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. ஒன்பதரைக்குப் படுத்து, ஸ்கூல் வேனைப் பிடிக்க ஐந்தரை ஆறுக்கு எழுந்தால் கணக்கு எட்டரையைத் தாண்டாது. படுக்கும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். மறுபடி அலறினால் உலுக்கி எழுப்பாதீர்கள். எங்கேயும் இடித்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருந்து, அடங்கியதும் மெல்லப் படுக்க வையுங்கள். காலையில் ‘நேத்து ராத்திரி என்ன பண்ணினே தெரியுமா’ என்று ஆரம்பிக்க வேண்டாம். அடிக்கடி வந்தாலோ, கைகால் வெட்டி இழுத்தாலோ, தூக்கத்தில் மூச்சு திணறுவது போல இருந்தாலோ குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். ஒரு கடிதத்தை வைத்து நான் முடிவாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு அலறலுக்காகப் புத்தகத்தைத் தண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் அம்மாவிடமும் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கண் திறந்திருக்கிறது, பெற்றவர்களையே தெரியவில்லை என்றால் பெரியவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? தாயத்து கட்டினால்தான் அவருக்கு நிம்மதி என்றால் கட்டட்டும். ஆனால் ‘உனக்குப் பேய் பிடிச்சிருக்கு’ என்ற சொல் குழந்தையின் காதில் விழவே கூடாது. இதில் கறாராக இருங்கள். கதையில் வரும் பேயைப் புத்தகத்தோடு மூடிவிடலாம். பாட்டி வாயால் ‘உனக்குள்ளேயே இருக்கிறது’ என்று கேட்ட பேயைக் குழந்தை எப்படி மூடும்?

நான் சொல்ல வருவதே இதைத்தான். எந்தப் பயம் நல்லது, எது கெட்டது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தப் பயம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ‘சாப்பிடலைன்னா பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் கொடுத்துருவேன்’ என்று மிரட்டும்போது பயம் மிரட்டுகிறவர் கையில் இருக்கிறது. குழந்தையால் அதை நிறுத்த முடியாது. போனில் ஓடும் ‘உண்மைச் சம்பவம்’ வீடியோவில் அது வீடியோ எடுத்தவர் கையில் இருக்கிறது. எந்த நொடியில் முகம் திரை முழுக்க வரும், எப்போது வீறிடும் என்பதெல்லாம் அவர் முடிவு. ஒன்று முடிந்தால் அடுத்தது தானே தொடங்கிவிடும். புத்தகத்தில்தான் பயம் படிக்கிறவள் கையில் இருக்கிறது. அவள் நினைத்தால் மூடலாம். முடிவை முதலில் பார்த்துவிட்டு வரலாம். பகலில் மட்டும் படிக்கலாம், அம்மா மேல் சாய்ந்துகொண்டு படிக்கலாம். பேயின் முகத்தை வரைவதும் அவள் மனம்தான். தாங்கக்கூடிய அளவுக்குத்தான் பெரும்பாலும் வரைந்துகொள்ளும். மூன்றாவது முறை ஏன் படிக்கிறாள் என்று நினைக்கிறீர்கள்? எந்தப் பக்கத்தில் நெஞ்சு படபடக்கும் என்று தெரிந்தே அங்கே போய், தாண்டி வருகிறாள். தைரியத்தைக் குழந்தைகள் இப்படித்தான் பழகுகிறார்கள்.

அம்மாயி சொல்லும் கதையும் கிட்டத்தட்ட இதே போலத்தான். சொல்பவரின் கண் பிள்ளையின் முகத்திலேயே இருக்கும். உதடு பிதுங்கினால் பேய் சட்டென்று தடுக்கி விழுந்துவிடும், இல்லையென்றால் கருவாட்டுக் குழம்பு கேட்கும். சிரிப்பு வந்துவிடும். எந்த வீடியோவும் கேட்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கதையை மாற்றிக்கொள்வதில்லை.

இனி வாசிப்புக்கு வருவோம். இத்தனை நாள் எதற்கும் அசையாதவள் பேய்க்கதைக்கு ஏன் அசைந்தாள்? ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு எழுத்துத் தமிழ் தூரத்துச் சொந்தம் மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் ‘வந்துட்டான்’, புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிடுகிறது. இவ்வளவு பாடுபட்டும் பொருள் கைக்கு வரவில்லை என்றால் எந்தக் குழந்தைக்கும் வயிறு வலிக்கத்தான் செய்யும்.

பேய்க்கதையில் அடுத்த வரி தெரிந்தே ஆக வேண்டும். மாடிப்படியில் தட், தட், தட் என்று சத்தம் கேட்கிறது, கதவு கிறீச்சென்று திறக்கிறது, உள்ளே என்ன? அதைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் நீளமான சொல்லையும் குழந்தை முட்டி மோதிப் படித்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். இந்தக் கதைகளில் இரட்டைக்கிளவி கொட்டிக் கிடக்கும். கிடுகிடு, படபட, நறநற, சலசல. இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதால் தடுமாறும் குழந்தையால் உடனே படித்துவிட முடிகிறது. படித்த கையோடு அந்தச் சத்தம் காதிலும் கேட்டுவிடுகிறது. அதோடு, முதல் பக்கத்தில் திண்ணையில் பார்த்த ஈரக் காலடியை எட்டாம் பக்கம்வரை நினைவில் வைத்திருந்தால்தான் கதை விளங்கும். தேர்வில் பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கிறார்களே, அந்தத் திறமைதான் இது. யாரும் சொல்லாமலே பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது.

பேய்க்கதை ஏதோ இந்தக் காலத்துக் கெட்ட பழக்கம் என்று வீட்டில் பேச்சு வந்தால் அம்புலிமாமாவை நினைவுபடுத்துங்கள். 1947-ல் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் வருடக்கணக்காக வந்தார்கள். சுடுகாடு, முருங்கை மரம், தோளில் பிணம், அதற்குள் பேசும் வேதாளம். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், வாளோடு நடக்கும் ராஜாவும் தோளில் தொங்கும் உடலும், தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் சோறு தின்றுகொண்டே பார்த்த படம். உங்கள் அம்மாவேகூடப் பார்த்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலேயே வேதாளத்தின் 25 கதைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு கதையின் கடைசியிலும் வேதாளம் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும். சொன்னாலோ வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். பயத்தோடு நியாய அநியாயத்தை யோசிக்கவும் வைக்கிற அமைப்பு இது. நீதிக்கதை கேட்டீர்களே, இதைவிட நல்ல நீதிக்கதை வேண்டுமா? விடையைக் குழந்தைதான் தேட வேண்டும் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அதனால் ‘திருப்பிவிடுவது’ என்ற எண்ணத்தையே கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். ஒரு வருடம் பேய்க்கதையே படித்தாலும் பரவாயில்லை. எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை. உங்கள் மகளுக்கான நூல் இப்போது இதுதான். அவளை மாவட்ட மைய நூலகத்துக்கு அழைத்துப்போங்கள். சிறுவர் பகுதியில் அவளே தேடட்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பேப்பர் படியுங்கள்.

ஆனால் வாங்கும் முன், எடுக்கும் முன், கடைசி இரண்டு பக்கத்தை நீங்கள் படித்துவிடுங்கள். கதையில் வரும் பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். முடிந்தால் அந்தப் பிள்ளை தன் புத்தியாலேயே தப்பிக்க வேண்டும். இந்த வயதில் இரண்டும் முக்கியம். படங்களையும் புரட்டிப் பாருங்கள். எழுத்தைவிடப் படம் மனதில் அதிக நாள் தங்கும். பெரியவர்களுக்கு எழுதிய திகில் கதை வேண்டாம். தற்கொலை செய்துகொண்ட பெண் பேயாக வருவது, பேய் பிடித்தவள் என்று ஒரு பெண்ணைக் கட்டி வைத்து அடிப்பது, இப்படிப்பட்ட கதைகளை நான் ஒன்பது வயதுக்குக் கொடுக்க மாட்டேன். அங்கே குழந்தையைப் பயமுறுத்துவது பேய் இல்லை, மனிதர்கள். அதைச் சீரணிக்க இன்னும் வயது வேண்டும். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகத்தை அவள் தனியாகப் படிக்க வேண்டாம். நீங்களும் உட்காருங்கள்.

எப்படி உட்காருவது என்றால், பட்டறையை மூடிவிட்டு வந்ததும் ஒரு கால் மணி நேரம். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவள். அவள் தடுக்கினால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மேலே போங்கள், அங்கே நிறுத்திப் பாடம் நடத்தாதீர்கள். கதவுக்குப் பின்னால் யார் என்று தெரியப்போகும் இடம் வந்ததும், ‘சரி கண்ணு, அப்பா குளிச்சிட்டு வர்றேன்’ என்று எழுந்துவிடுங்கள். புத்தகத்தை அவள் மடியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வருவதற்குள் அடுத்த நாலு பக்கம் முடிந்திருக்கும். வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் ஆசையாகச் சொல்லிக்கொடுக்கும் உபாயம் இது.

இதெல்லாம் சாயங்காலத்தோடு முடியட்டும். படுக்கைக்கு வேறு புத்தகம், சிரிப்புக் கதையோ விலங்குக் கதையோ. உங்கள் மனைவியின் கவலையில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். மகளுக்குப் பேய் இல்லை என்று தெரியும். ஆனால் விளக்கை அணைத்தபின் உடம்பு அதை நம்ப மறுக்கும். பாத்ரூம் சங்கதி அதுதான். கேலி செய்யாதீர்கள், ‘இவ்ளோ பெரிய பொண்ணு’ என்று இழுக்காதீர்கள். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் என்று பேயைத் தேடிக் காட்டவும் வேண்டாம். அப்பாவே தேடுகிறார் என்றால் இருக்கத்தானே செய்யும் என்று குழந்தை நினைக்கும். இரண்டு மூன்று நாள் அம்மா கூடவே போகட்டும். அப்புறம் வாசல்வரை. அப்புறம் கட்டிலில் இருந்தே குரல் கொடுத்தால் போதும். அவள் கைக்கு ஒரு டார்ச் கொடுங்கள், தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். ‘நிஜமாவே பேய் இருக்கா?’ என்று கேட்டால் சுற்றி வளைக்காமல், ‘நிஜத்துல இல்ல, கதையில உண்டு’ என்று சொல்லுங்கள். சில வாரங்கள் ஆகியும் பயம் குறையவில்லை, பகலிலும் தனியாக இருக்க மறுக்கிறாள், சாப்பாடும் பள்ளியும் கெடுகிறது என்றால், அப்போது புத்தகத்தைக் கொஞ்ச காலம் எடுத்து வைத்துவிட்டு நேரில் அழைத்து வாருங்கள். வேறு ஏதாவது அவளை உறுத்திக்கொண்டிருக்கலாம். பேய் அதற்கு ஒரு சாக்காக இருக்கலாம்.

சேலத்துப் பிள்ளைகளுக்குப் பயங்கரமான முகம் ஒன்றும் புதிதில்லை. முனியப்பன் கோயிலுக்கு முதல்முறை போகும் குழந்தை அந்த உருட்டு விழியையும் முறுக்கு மீசையையும் அரிவாளையும் பார்த்து வீறிட்டு அழும். நாம் தூக்கிக்கொண்டு, ‘அழாத கண்ணு, நம்மளக் காவல் காக்குற சாமி’ என்கிறோம். பயமுறுத்தும் முகம் நம் பக்கத்து ஆளாகவும் இருக்கலாம் என்று அப்போதே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அங்கிருந்து பெரிய கதைகளுக்கும் போகலாம். பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பிள்ளைகள் ‘யாரு வெட்டுனது?’ என்பார்கள். அங்குள்ள சிலை புத்தருடையது என்று வல்லுநர் குழு கொடுத்த அறிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் ஏற்றுக்கொண்டது. இன்னும் இரண்டு மூன்று வயது கூடியதும் அவளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வரலாற்றுப் புத்தகம் தேடிப் போவாள்.

மலைக்கு அடுத்த தடவை போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து அனுப்புங்கள். அம்மாயி சொல்லும் கதைகளை அவள் எழுதட்டும். ‘வந்துட்டான்’ என்றே எழுதட்டும், எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் சுழிக்காதீர்கள். ராத்திரி கூரை மேல் ஓடியது எது, மனிதக் குரலில் அலறியது எது என்றும் விசாரிக்கட்டும். காப்பித் தோட்டங்களில் மரநாய் உண்டு, காப்பிப் பழம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். கூகை போடும் சத்தம் விவரம் தெரிந்தவர்களையே தூக்கிவாரிப் போட வைக்கும். சேர்வராயன் கோயில் குகையைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்ன சொல்கிறார்கள், தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறி வந்ததாக அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் சொல்லும் கதை என்ன என்று கேட்டு வரட்டும். ஒன்று மட்டும்: மரநாயைக் காட்டிவிட்டு, ‘பாத்தியா, அம்மாயி சொன்னது பொய்’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள அவள் மனதில் இடம் இருக்கிறது.

கடைசியாக டீச்சர் எழுதிய குறிப்பு. அவர் எழுதியது சரிதான். வீட்டில் உங்கள் மகளுக்கு நாம் கொடுக்கும் உரிமை அந்த இன்னொரு பிள்ளைக்கும் உண்டு. வகுப்பில் அந்தப் பிள்ளையால் கதையை மூட முடியவில்லை. மகளைத் திட்டாமல் இதை விளக்குங்கள். ‘பயமா ஒரு கதை இருக்கு, கேக்குறியா?’ என்று முதலில் கேட்க வேண்டும், ‘போதும்’ என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். ஒன்பது வயதுக்கு இது தாராளமாகப் புரியும். டீச்சருக்கு டைரியிலேயே பதில் எழுதுங்கள்: வீட்டில் பேசிவிட்டோம், இவள் இந்தக் கதைகளால்தான் தமிழ் வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள், முடிந்தால் ஒரு நாள் வகுப்பில் பயமில்லாத ஒரு கதையை வாசிக்க வாய்ப்பு கொடுங்கள் என்று. அழுத பிள்ளையிடம் மகளே போய்ப் பேசட்டும். அந்தப் பிள்ளைக்கு எப்படிப்பட்ட கதை பிடிக்கும் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். நூலகத்துக்குப் போகும்போது அதையும் சேர்த்துத் தேடலாம்.